சிவப்புப் பென்சிலும் பித்தளைக் குண்டும்

காலை ஒன்பது மணிக்கே நீதிமன்ற வாசலில் தள்ளுமுள்ளு. ஐம்பது பேர் உட்காரக்கூடிய பெஞ்சுகளில் நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் மீதி ஜன்னல் கம்பியில் தொங்கியது. கொலை வழக்கா என்றால், இல்லை. கொலை வழக்குக்கெல்லாம் இவ்வளவு கூட்டம் சேராது. ஒரு பித்தளைக் குண்டு சாட்சி சொல்லப் போகிறது. அதைப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம்.

குண்டு தனியாக வராது. அதற்கு ஒரு நூல் உண்டு, நூலுக்கு ஒரு விரல் உண்டு, விரலுக்கு ஒரு முதலாளி உண்டு. முதலாளியின் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஊசலார் என்றால்தான் தெரியும். கறுப்புக் கோட்டு, வெள்ளி நிறத் தலைமுடி, சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்காத முகம். அவருடைய அட்டையில் ‘ஊசல் அறிவியல் மாமேதை, உலகக் கையெழுத்து ஆராய்ச்சிக் கழகத் தலைவர்’ என்று பொன் எழுத்தில் அச்சாகியிருக்கும். உலகக் கழகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி. தலைவர் உட்கார்ந்துவிட்டால் உறுப்பினருக்கு இடமில்லை.

தொழில் முறை இதுதான். சந்தேகத்துக்குரிய கையெழுத்துக்கு மேலே குண்டைத் தொங்கவிடுவார். கண்ணை மூடுவார். உதடு ஏதோ முணுமுணுக்கும். குண்டு வலப்பக்கமாகச் சுற்றினால் கையெழுத்து மெய். இடப்பக்கமாகச் சுற்றினால் பொய். பொய் ஏன் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும் என்று இடக்கைக்காரர்கள் யாரும் சண்டைக்கு வராதது அவர் அதிர்ஷ்டம்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அவர் அதே குண்டை வைத்துக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கிணறு வறண்டது. அது ஆபத்தான சரக்கு. சொன்ன இடத்தில் தண்ணீர் வராவிட்டால் தோண்டியவன் கடப்பாரையோடு வந்து நிற்பான். கையெழுத்து அப்படியா? போலி என்று சொல்லிவிட்டால் எவன் எங்கே தோண்டிப் பார்ப்பது? வாங்கியவன் திருப்பித் தர முடியாத சரக்காகப் பார்த்துக் கடையை மாற்றிக்கொண்டார். வியாபாரம் என்று பார்த்தால் கெட்டிக்கார மனுஷன்தான்.

பதினோரு ஆண்டில் அறுபத்து மூன்று வழக்கு. அறுபத்து மூன்றிலும் குண்டு சொன்னதுதான் தீர்ப்பு. அதனால் ஊரே ஒரு புதுப் பாடம் கற்றுக்கொண்டது. மாட்டிக்கொண்டால், ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். மிச்சத்தைக் குண்டு பார்த்துக்கொள்ளும். கட்டில் செய்யச் சொல்லி ஒப்பந்தம் போட்டவர் சொன்னார். குண்டு இடப்பக்கம் சுற்றியது. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு மனம் மாறிய கணக்காளர் சொன்னார், இடப்பக்கம். ஒருவர் பதினோரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, திருமணப் பதிவேட்டில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்றார். பின்னால் இரண்டு பிள்ளைகள் அதே மூக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். குண்டு மூக்கைப் பார்க்கவில்லை. இடப்பக்கமே சுற்றியது.

இன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஒரு தையல்காரம்மா.

அவர் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிற பெரியவர். மாடியில் தனியாக இருந்தார். கடைசி இரண்டு வருஷம் கை நடுக்கம், மூச்சிரைப்பு. மாத்திரை கொடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எல்லாம் கீழே தைத்துக்கொண்டிருந்த இந்த அம்மாதான். கீழே இருக்கிற அந்த ஒற்றை அறை இனி உனக்கே என்று பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறு மாதம் இறந்துபோனார்.

அப்போது வந்தார் தம்பி மகன். எட்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவர். ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் அளவு நாடா. கண்ணைத் துடைப்பதற்கு முன் அறையை அளந்தார். அளந்து முடித்ததும், “இது எங்க பெரியப்பா கையெழுத்தே இல்ல” என்று போலீசுக்குப் போனார். கள்ளக் கையெழுத்து வழக்கு. நிரூபணமானால் தையல்காரம்மாவுக்கு அறையும் போகும். ஏழு வருஷம் வேறு அறைக்கும் போக வேண்டிவரும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

“ஊசல் நிபுணர் ஆஜர்!” என்று சேவகர் கூவியதும் கூட்டம் எழுந்தே நின்றது. நீதிபதி வந்தபோது பாதிப் பேர்தான் எழுந்தார்கள்.

ஊசலார் சாட்சிக் கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்தார். வெல்வெட் பையிலிருந்து குண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“இது சாதாரண உலோகம் அன்று. வானத்திலிருந்து விழுந்தது. பொய்யின் அருகே அமைதியாக இருக்க இதனால் இயலாது.”

சாட்சிக் கூண்டு ஏறினால் அவருக்குத் தமிழும் கோட்டுப் போட்டுக்கொள்ளும்.

கடைசி பெஞ்சில் ஒரு கொத்தனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஏங்க, இது தூக்குக்குண்டுங்க. செவுரு நேரா இருக்கான்னு பாக்குறது. எங்கிட்டயே மூணு கிடக்கு.”

பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் அடித்தார். “உஷ்! உன்னோடது செவுரைப் பாக்கும். இது மனசைப் பாக்கும்.”

ஆறு தாள்கள் கொடுக்கப்பட்டன. ஐந்தில் பெரியவர் எப்போதோ போட்ட கையெழுத்து. ஒன்று தையல்காரம்மாவின் தாள். ஊசலார் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்தார், கண்ணை மூடினார், குண்டை விட்டார். ஐந்து முறை வலப்பக்கம். ஆறாவது தாளுக்கு மேலே குண்டு தயங்கியது, நடுங்கியது, பிறகு இடப்பக்கமாகப் போட்டது பாருங்கள் ஒரு சுற்று! ஜன்னலில் தொங்கியவர்களில் ஒருவர் கையை விட்டுவிட்டார். வெளியே தொப்பென்று சத்தம் கேட்டது.

“இது அந்தப் பெரியவரின் கை அன்று,” என்றார் ஊசலார், கண்ணைத் திறக்காமலே. “பேராசை பிடித்த ஒரு பெண்ணின் கை. ஊசி பிடித்துப் பழகிய விரல்கள்.”

“அடேயப்பா! ஊசின்னு கரெக்டா சொல்லிட்டாரே!” என்று கூட்டம் வாயைப் பிளந்தது. தையல்காரி என்பது குற்றப்பத்திரிகையின் முதல் வரியிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க வானத்திலிருந்து உலோகம் விழ வேண்டியிருந்தது.

குறுக்கு விசாரணை மறுநாளைக்கு என்று நீதிபதி எழுந்துபோனார். நடைபாதையில், பழைய கோப்புகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில், தையல்காரம்மாவும் அவருடைய வக்கீலும் உட்கார்ந்தார்கள். வக்கீல் இளம்பெண். காசில்லாதவர்களுக்காக நீதிமன்றமே அமர்த்திக் கொடுத்தவர். இது அவருக்கு மூன்றாவது வழக்கு. முதல் இரண்டைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது.

“அக்கா, மனச விட்டுறாதீங்க…” என்று ஆரம்பித்த வக்கீலின் குரல்தான் உடைந்திருந்தது.

“அட, நீங்க மொதல்ல தண்ணி குடிங்க வக்கீலம்மா. எனக்கு ஒன்னு சொல்லுங்க. அந்தக் கையெழுத்தைச் சுத்தி செவப்பா, நீலமா கோடு போட்டிருந்துச்சே, அது யார் போட்டது?”

“அதா? அது பெஞ்ச் கிளார்க் போடுறது. தகராறுல இருக்குற கையெழுத்தைச் சுத்தி சிவப்புப் பென்சில். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட கையெழுத்தைச் சுத்தி நீலப் பென்சில். ஒன்னோட ஒன்னு கலந்துடக் கூடாதுல்ல, அதுக்காக. ரொம்ப நாளா இங்க அதான் பழக்கம்.”

“எப்ப போடுவாங்க? அந்த ஆளு பாக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான்.”

“போலின்னு முடிவாகுறதுக்கு முன்னாடியே செவப்பு?”

“சிவப்புன்னா போலின்னு அர்த்தம் இல்லக்கா. ஒருத்தர் சந்தேகப்படுறாருன்னுதான்…” வக்கீல் பாதியில் நிறுத்தினார்.

தையல்காரம்மா சிரித்தார். கூண்டிலிருந்து இறங்கிய ஒருவர் சிரிப்பதை அந்த நடைபாதை வெகுநாளாகப் பார்த்ததில்லை.

“எங்க கடையில ஒரு வெட்டுக்காரர் இருக்காரு. முப்பது வருஷ அனுபவம், கேட்டா நாப்பதும்பாரு. நான் துணியில சாக்கட்டியால கோடு போட்டுக் குடுப்பேன். நீலம்னா வெட்டணும், செவப்புன்னா மடிக்கணும். ஒரு நாள் அவசரத்துல நான் மாத்திப் போட்டுட்டேன். ஒரு பெரிய மனுஷனோட முழுக்கைச் சட்டை. கை மடிப்பு வர வேண்டிய எடத்துல மனுஷன் கத்திரியப் போட்டு முழுக்கைய அரைக்கை ஆக்கிட்டாரு. ‘ஏன்யா, துணியப் பாத்தா தெரியலையா?’ன்னேன். ‘நான் எங்கம்மா துணியப் பாத்தேன், கோட்டப் பாத்தேன்’னாரு.” அவர் வக்கீலின் பக்கமாகக் குனிந்தார். “இன்னிக்கு அந்த ஆளு தாளை வாங்குனதும் கண்ணு எங்க போச்சுன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க வெட்டுக்காரர் பார்வையேதான் வக்கீலம்மா. கோட்டப் பாத்தாரு, கண்ண மூடிக்கிட்டாரு.”

வக்கீல் அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ஆவண அறைக்குப் போனவர், காவலர் சாவிக் கொத்தை ஆட்டிக்காட்டும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் கூட்டம் இன்னும் அதிகம். நேற்று ஜன்னலிலிருந்து விழுந்தவர் கையில் கட்டோடு முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

“ஐயா,” என்று ஆரம்பித்தார் இளம் வக்கீல், “இதுவரைக்கும் எத்தனை வழக்குல சாட்சி சொல்லியிருக்கீங்க?”

“அறுபத்து மூன்று. ஒன்றிலும் என் ஊசல் தவறியதில்லை.”

“அறுபத்து மூணு கோப்பையும் பாத்தேன். அறுபத்து மூணுலயும் தகராறுள்ள கையெழுத்து போலின்னுதான் சொல்லியிருக்கீங்க. ஒன்னாவது உண்மையா இருக்கக் கூடாதா?”

“போலியாக இருந்தால் போலி என்றுதானே அம்மா சொல்ல முடியும்? உலகில் பொய் மலிந்துவிட்டது.”

கைதட்டல். நீதிபதி மேசையைத் தட்டினார்.

“குண்டுக்கு ஒரு சின்னப் பரீட்சை வெச்சா ஒத்துக்குவீங்களா?”

அரசு வக்கீல் குதித்தெழுந்தார். “ஐயா, இது என்ன பள்ளிக்கூடமா? அறுபத்து மூணு தீர்ப்பைத் தாங்கி நிக்கிற நிபுணர்!”

ஊசலார் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். “இருக்கட்டும். அறியாப் பெண். நான் தயார்.”

இங்கேதான் அவர் தப்புச் செய்தார். சரக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னால் ‘பிரிச்சா ரிட்டர்ன் இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினோரு வருஷக் கைதட்டல் ஒரு மனிதனை அவனுடைய சரக்கையே நம்ப வைத்துவிடும்.

வக்கீல் நாலாக மடித்த ஒரு துண்டுத்தாளை நீதிபதியிடம் நீட்டினார். “தாள்களை நான் தயார் பண்ண வேண்டாம், அரசு வக்கீலும் வேண்டாம். எப்படின்னு இதுல எழுதியிருக்கேன். நீங்களும் பெஞ்ச் கிளார்க்கும் மட்டும் உங்க அறையில வெச்சுச் செஞ்சா போதும்.”

நீதிபதி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். நாலு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். குண்டு சுற்றிய பக்கமெல்லாம் பேனாவைச் சுற்றியவர். எழுந்து உள்ளே போனார். கிளார்க் இரண்டு பென்சிலையும் எடுத்துக்கொண்டு பின்னாலே போனார்.

பத்து நிமிஷத்தில் வந்தார்கள். கிளார்க் கையில் ஐந்து தாள். ஐந்திலும் ஒரே மாதிரிக் கையெழுத்து. இரண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மூன்றைச் சுற்றி நீல வட்டம்.

ஊசலார் முதல் தாளை வாங்கினார். சிவப்பு. கண் மூடியது. குண்டு இடப்பக்கம் பறந்தது.

“போலி!”

இரண்டாவது நீலம். வலப்பக்கம். “மெய்.” மூன்றாவது சிவப்பு. இந்தத் தடவை குண்டு மேசை விளிம்பில் இடித்துக்கொள்ளும் அளவுக்கு இடப்பக்கம். நாலும் ஐந்தும் நீலம், வலம், மெய்.

“விளக்கமா சொல்லுங்க ஐயா,” என்றார் வக்கீல். “நீலத்துல… மன்னிக்கணும், ரெண்டு, நாலு, அஞ்சாவது தாள்ல இருக்குற கை எப்படிப்பட்ட கை?”

“ஆகா! அதிகாரம் மிக்க கை. நேர்மை, நெஞ்சுரம். கையெழுத்துக்கு உரிமையாளரின் கை.”

“ஒன்னும் மூணும்?”

ஊசலார் முகத்தைச் சுளித்தார். “சொல்லவே நா கூசுகிறது. திருட்டுக் கை. பிறர் பெயரில் பிழைப்பு நடத்தும் கை. சிறைக்குப் பயந்து நடுங்கும் விரல்கள். இப்படிப்பட்டவரை வெளியே நடமாட விடுவதே ஆபத்து.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. தம்பி மகன் தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நீதிபதி தொண்டையைச் செருமினார்.

“ஒன்னும் மூணும் நான் போட்ட கையெழுத்து.”

தம்பி மகனின் தலையாட்டம் பாதியில் நின்றது.

“மத்த மூணும் நம்ம பெஞ்ச் கிளார்க் என் கையெழுத்தைப் பாத்துப் போட்டது.”

கிளார்க் எழுந்து நின்று கைகட்டினார். “ஐயா சொன்னதாலதான் போட்டேன்.”

“சொன்னதுக்குப் போட்டது சரி. இவ்வளவு நல்லா எப்படிய்யா வந்துச்சு?”

“நாலு வருஷமா தினம் பாக்குறேனுங்களே ஐயா…”

“அதைப் பத்தித் தனியா பேசுவோம். உக்காருங்க.”

முதலில் சிரித்தது கொத்தனார். பிறகு ஜன்னல். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் பரவிச் சேவகர்வரைக்கும் போய்விட்டது. சிரிப்பை அடக்க மேசையைத் தட்டவேண்டியவரும் மேசையைத் தட்டவில்லை.

“நிபுணரே, உங்களுக்குச் சம்மன் வந்துச்சா?” என்றார் வக்கீல்.

“வந்தது.”

“கையோட இருக்கா?”

ஊசலார் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். கீழே நீதிபதியின் கையெழுத்து. அதே கையெழுத்து. பத்து நாளாகப் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மனுஷன் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. கையெழுத்தைப் பார்ப்பது அவர் தொழில் இல்லையே!

“மேல காத்தாடி ஓடுது, காத்து குண்டைத் தள்ளுது,” என்றார் ஊசலார். தமிழ் கோட்டைக் கழற்றிவிட்டது. “நம்பிக்கையில்லாதவங்க பக்கத்துல நின்னா அதோட அலை குண்டைத் தாக்கும். இந்தப் பொண்ணு கிட்டக்க நிக்குது பாருங்க.”

“காத்தாடியை நிறுத்துங்க,” என்றார் நீதிபதி. “வக்கீலம்மா, நீங்க வெளிய போய் நில்லுங்க. கிளார்க், ஒரு அட்டையில ஓட்டை போட்டு வட்டத்தை மறைங்க. கையெழுத்து மட்டும் தெரியட்டும். ஐயா, இப்ப விடுங்க குண்டை.”

ஊசலார் நூலைப் பிடித்தார். குண்டு நின்றது. நேராக, அசையாமல், கீழே பார்த்துக்கொண்டு நின்றது. தூக்குக்குண்டு என்றால் அப்படித்தான் நிற்கும்.

“ஐயா… குண்டு களைச்சுப் போச்சு.”

“குண்டா, நீங்களா?”

பின் பெஞ்சிலிருந்து கொத்தனார்தான் பதில் சொன்னார். “கை ஆடுனாத்தாங்க அது ஆடும்!”

பிறகு நடந்ததுதான் அன்றைய அதிசயம். நீதிபதி தையல்காரம்மாவின் தாளைக் கையில் எடுத்தார். மேசை விளக்கைப் போட்டார். பூதக்கண்ணாடியைக் கேட்டார். அந்தப் பூதக்கண்ணாடியைத் தேடக் கிளார்க் மூன்று அலமாரி திறக்க வேண்டியிருந்தது. பதினோரு வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. பெரியவர் அந்தத் தாளை எழுதிய அதே மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இரண்டு நர்சுகள் முன்னால் கையெழுத்திட்ட படிவத்தை வக்கீல் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே நடுக்கம். கடைசி எழுத்தில் பேனா வழுக்கி ஓடிய அதே வால். நேற்று ஒப்பிடக் கொடுத்த பெரியவரின் மற்ற ஐந்தும் கை நன்றாக இருந்த காலத்தில், பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டவை.

பதினோரு ஆண்டில் முதல் முறையாக அந்த நீதிமன்றத்தில் ஒருவர் கையெழுத்தைப் பார்த்தார்.

தையல்காரம்மா விடுதலை. அறை அவருக்கே. தம்பி மகன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். ஊசலார் மேல் பொய்ச்சாட்சி வழக்குப் போடவும், அறுபத்து மூன்று கோப்பையும் திரும்ப எடுக்கவும் நீதிபதி உத்தரவிட்டார். தலை நிமிராமல்தான் உத்தரவிட்டார். அவற்றில் இருபத்தாறு அவர் எழுதிய தீர்ப்பு. திருமணப் பதிவேட்டுக்காரர் கூட்டத்தில் இருந்தார். அவர் வீட்டம்மாவும் இருந்தார். வீட்டம்மா வந்திருந்ததே அவரைத் தேடித்தான்.

எல்லாம் முடிந்தது, கூட்டம் தெளிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? வாசல் டீக்கடைக்கு வாருங்கள்.

“நான் ஒன்னு சொல்றேன்,” என்றார் கையில் கட்டுப்போட்டவர், குரலைத் தாழ்த்தி. “குண்டு தப்பாச் சொல்லலப்பா. ஜட்ஜ் கையெழுத்து போலின்னு சொல்லுச்சுன்னா… ஜட்ஜே ஏன் போலியா இருக்கக் கூடாது?”

“அட ஆமா!” என்றார்கள் நாலு பேர். “அதனாலதான் அவருக்கு அவ்வளவு கோவம்!”

“ஊசலார் வெளிய வந்ததும் மொதல்ல போய்ப் பாக்கணும். எங்க கிணத்துக்கு நீரோட்டம் பாக்கணும்.”

தையல்காரம்மா அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே கடைக்கு நடந்தார். வெட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். “வந்துட்டீங்களாம்மா! நல்லவேளை. இந்தத் துணியில கோடு போடாமப் போய்ட்டீங்க. ரெண்டு நாளா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

தையல்காரம்மா சாக்கட்டி டப்பாவை எடுத்தார். திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

“முப்பது வருஷமாச்சு அண்ணே. இன்னிக்காவது துணியப் பாத்து வெட்டுங்க.”

வெட்டுக்காரர் துணியை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். தடவினார். திருப்பினார். நேரம் பிடித்தது, ஆனால் சரியாக வெட்டினார். அவருக்கே முடிகிறது. டீக்கடையில் நிற்கிற மகாஜனங்களே, உங்கள் தலையிலும் அதே மாதிரி இரண்டு கண் இருக்கிறது. இன்னும் யார் வந்து கோடு போடக் காத்திருக்கிறீர்கள்?